இட்டேரி யாருக்குச் சொந்தம்? ஒரு பொதுப்பாதையை நகராட்சியிடம் ஒப்படைக்கப் பட்ட பாடு

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைத்தபோது ஊரின் இட்டேரி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனது. அதைக் கண்டுபிடித்து, நகராட்சிப் பொறுப்பில் சேர்க்க வைப்பதற்குள் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. கேட்டு நடக்க ஆள் கிடையாது. போன இடத்திலெல்லாம் "இது எங்களுடையது இல்லைங்க" என்ற பதில்தான். இப்படித்தான் நடக்கும், இந்தக் காகிதத்தை முதலில் எடு என்று யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். 2025 தொடக்கத்தில் வந்த இணைப்பு அறிவிப்புகளுக்குப் பிறகு இதே நிலையில் இன்னும் பல ஊர்கள் இருக்கும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வெளி மாவட்டத்துக்காரர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். கொங்குப் பகுதியில் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் நடுவே இருபுறமும் உயிர்வேலி வைத்துப் போகும் பழைய வண்டிப்பாதைதான் இட்டேரி. கிளுவை, கள்ளி, வேம்பு, அவற்றின் மேல் படரும் பிரண்டை, முடக்கத்தான், கோவைக்கொடி எல்லாம் அந்த வேலியில் இருக்கும். கௌதாரியும் கீரியும் அங்கேதான் குடியிருக்கும். எங்கள் இட்டேரி கோயிலடியில் தொடங்கி, நடுவில் கொஞ்ச தூரம் பாசன வாய்க்கால் கரையில் ஏறி, நகராட்சிப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் போய் முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போவது அதில்தான். பால் சொசைட்டிக்குப் போகும் பெண்கள், சர்க்கரைக்காக விடியற்காலையில் நடக்கும் பெரியவர்கள், எல்லோருக்கும் அதுவே வழி. தார்ச்சாலை வழியாகப் போனால் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. தலைவர் போய்த் தனி அலுவலர் வந்தார். பிறகு இணைப்பு வேலை தொடங்கியது. ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, கட்டடங்கள், சாலைகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். சில மாதம் கழித்து இட்டேரியில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, வெட்டிக் கொடுங்கள் என்று நகராட்சியில் மனு கொடுத்தேன். அங்கிருந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு பாதையே எங்களுக்கு வரலையே சார்" என்றார். எனக்குத் திக்கென்றது. மூன்று தலைமுறை நடந்த பாதை, காகிதத்தில் இல்லை.

இங்கே முதல் விஷயம். ஒப்படைப்புப் பட்டியலை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டையும் சாலைப் பதிவேட்டையும் பார்த்துத்தான் தயாரிக்கிறார்கள். ஊராட்சி என்றைக்காவது பணம் செலவு செய்த சாலை என்றால் அதில் இருக்கும். செலவே செய்யாத மண்பாதைக்குப் பதிவு இருக்காது. ஆனால் சட்டம் செலவைப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 134ஆம் பிரிவு மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பாதை, தோப்பு போன்ற புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. வருவாய்க் கணக்கில் வண்டிப்பாதை என்று இருந்தால் போதும், அது ஊராட்சியிடம் இருந்த பாதைதான். உங்கள் ஊரில் இணைப்புப் பேச்சு வந்துவிட்டால், அது முடியும் முன்பே பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிராமசபை இருக்கும்போதே பாதைகளை சர்வே எண்ணோடு சேர்த்துத் தீர்மானம் போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அந்த வாய்ப்பு உண்டு. நகராட்சியான பிறகு கிராமசபை கிடையாது.

சரி, வருவாய்க் கணக்கில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்குதான் அ-பதிவேடு. வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும். எங்கள் பாதை மொத்தம் மூன்று சர்வே எண்களில் வருகிறது. ஒன்று சர்க்கார் புறம்போக்கு, வண்டிப்பாதை. இன்னொன்று வாய்க்கால் புறம்போக்கு. மூன்றாவதைப் பார்த்தபோதுதான் பயந்தேன். அந்த இடத்தில் பாதை என்ற உட்பிரிவே இல்லை, இரண்டு பட்டா நிலங்கள் ஒட்டியபடி இருந்தன. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர் என்று சொல்லும் வேலையில், இப்படி விடுபட்டவை நிறைய உண்டு என்று ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ ஒருவர் சொன்னார். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் நிலத்தின் அளவுகளைக் காட்டும் பழைய புலப்படத்தையும் எடுத்தால்தான் உண்மை தெரியும் என்றார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

பழைய ஆவணங்கள் மாவட்ட ஆட்சியரகத்தின் ஆவண அறையில் இருக்கின்றன. அங்கே இல்லாவிட்டால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். எங்களுக்கு மாவட்டத்திலேயே கிடைத்தது. பழைய படத்தில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கும், 100 லிங்க்ஸ் என்றால் 66 அடி. எங்கள் பாதை 40 லிங்க்ஸ், அதாவது 26 அடிக்கும் மேல். தரையில் சில இடங்களில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்கூட இல்லை. அந்தப் படத்தைக் கையில் வாங்கியபோது மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது. அதுவரை ஏதோ சலுகை கேட்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். யு.டி.ஆரில் நேர்ந்த பிழையைத் திருத்த, மாவட்ட வருவாய் அலுவலருக்குத் தனியாக மனு போட வேண்டும். அதைப் பாதையை நகராட்சியிடம் ஒப்படைக்கக் கேட்கும் மனுவோடு கலக்காதீர்கள். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் திருத்தம் முடியட்டும் என்று மற்றதையும் நிறுத்திவிடுவார்கள்.

மனுவை எங்கே கொடுப்பது என்பதில் எல்லோருக்கும் தெரிந்த வழி திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டம். நானும் அங்கேதான் கொடுத்தேன். அது தாசில்தாருக்குப் போய், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ-க்குப் போய், வி.ஏ.ஓ-விடம் வந்து சேர்ந்தது. வி.ஏ.ஓ, "பாதை நகராட்சிப் பொறுப்பு" என்று அறிக்கை எழுதினார். நகராட்சி, "எங்களுக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்று எழுதியது. ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பாதையின் முதல் பகுதியில் எப்போதோ ஜல்லி கொட்டியிருப்பதால் அது ஒன்றியச் சாலை, ஊராட்சியினுடையது கிடையாது என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மூன்று பதிலும் வந்தவுடன் மனு முடிக்கப்பட்டதாகச் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று அலுவலகமும் தனித்தனியாகப் பார்த்தால் சொன்னது பொய் கிடையாது. சேர்த்துப் பார்த்தால் பாதைக்கு நாதியில்லை.

அப்புறம்தான் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எளிய கேள்விகளாகக் கேட்டேன். இந்த சர்வே எண்ணில் உள்ள பாதை எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு எந்த நிதியில் வேலை நடந்தது, ஒப்படைப்புப் பட்டியலின் நகல் தரவும், அவ்வளவுதான். "ஏன் ஒப்படைக்கவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார்கள், ஆவணம் கேட்டால் அப்படித் தள்ள முடியாது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் உதவியது 6(3) பிரிவு. கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். "எங்களிடம் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இப்படி வந்த பதில்களை வைத்துத்தான் எந்தப் பகுதி யார் கையில் என்று முதல்முறையாக ஒரு தாளில் என்னால் வரைய முடிந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அதிகாரிகளும் உட்காரச் சொல்லிப் பேசினார்கள்.

ஒன்றியத்தின் பங்கை நகராட்சிக்கு விட ஒன்றியத்தின் தீர்மானம் வேண்டும். "கவுன்சிலே இல்லையே, யார் தீர்மானம் போடுவது?" என்று கேட்டார்கள். தேர்தல் முடிந்ததும் வாருங்கள் என்றார்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். மன்றம் இல்லாத காலத்தில் மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலரிடம் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் அவரே எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதே காலத்தில் வேறு வேலைகளுக்கு அவர் போட்டிருந்த தீர்மானங்களின் நகலை எடுத்துக் காட்டி, இதற்கும் போடுங்கள் என்று பணிவாகக் கேட்டேன். இரண்டாவது வாரம் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர், யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அளவை. புறம்போக்கை அளக்கத் தனியார் மனு கொடுத்தால் மெதுவாகத்தான் நகரும். ஆனால் எனக்குப் பாதையை ஒட்டி ஒரு சின்னத் தோட்டம் உண்டு. என் பட்டா நிலத்தின் எல்லையை அளந்து காட்டுங்கள் என்று இ-சேவை மையத்தில் பணம் கட்டி விண்ணப்பித்தேன். சர்வேயர் வந்து என் எல்லையில் கல் நட்டபோது பாதையின் ஒருபக்க ஓரம் தானாகத் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அதே மாதிரி விண்ணப்பித்தார். இது பாதை ஓரத்தில் நிலம் வைத்திருக்கிற யாரும் செய்யக்கூடியது. அளக்கும் நாளைக்கு முன்கூட்டியே ஓரத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புப் போனதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் போகாமல் அளந்தால், பிறகு அதையே காரணம் காட்டி மறுஅளவை கேட்பார்கள்.

அளந்த பிறகுதான் உண்மையான வேதனை. கல் விழுந்த இடம் என் சொந்தக்காரர் ஒருவரின் வேலிக்கு உள்ளே. அவருடைய அப்பா காலத்திலேயே வேலி நகர்ந்துவிட்டது, அவர் வேண்டுமென்று செய்தது இல்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மாப்ள, நீ எதுக்கு இதுல தலையிடற? ரோடு வந்தா உன் தோட்டத்துக்கு விலை ஏறும்னு ஊருல பேசறாங்க, தெரியுமா?" என்றார். என் அம்மா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, "நமக்கு எதுக்கு சாமி இந்தப் பகை?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் அவரிடம் நானே போய்ச் சொன்னேன்: எனக்கு 26 அடி தார்ச்சாலை வேண்டாம் மாமா, பாதை பாதையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதற்கு எந்த அலுவலகத்திலும் மருந்து கிடையாது. இறங்குவதற்கு முன் வீட்டாரிடம் பேசிவிட்டு இறங்குங்கள்.

ஆக்கிரமிப்புக்குச் சட்டம் இருக்கிறது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவின்படி அகற்றும் உத்தரவு. சாலை, பாதை, நீர்நிலை எல்லாம் ஆட்சேபகரமான புறம்போக்கு, எவ்வளவு காலம் இருந்தாலும் பட்டா கேட்க முடியாது என்பதுதான் அரசு நிலைப்பாடு. கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டால் கனம் கூடும். ஆனால் ஒப்படைப்பும் ஆக்கிரமிப்பும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. பாதை யாருடையது என்று முடிவாகும் முன் நோட்டீஸ் கொடுத்தால், நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்துக்கு அதிகாரமே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்.

வாய்க்கால் கரைப் பகுதிதான் எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்தது. அதையும் நகராட்சிக்கு மாற்றுங்கள் என்றுதான் முதல் மனுவில் எழுதியிருந்தேன். நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நீர்நிலைப் புறம்போக்கின் வகைப்பாட்டை மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், நீதிமன்றங்களும் விடாது, விடவும் கூடாது. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். நாளைக்கு வாய்க்கால் கரையை யாரும் வீட்டுமனை ஆக்காமல் தடுப்பதே அந்த விதிதான். நிலம் எங்களிடமே இருக்கட்டும், நடப்பதற்கும் பராமரிப்பதற்கும் நகராட்சி அனுமதி கேட்கட்டும் என்றார். கோவையில் பொதுப்பணித் துறையின் குளங்களை மாநகராட்சி அப்படித்தான் பராமரிப்புக்கு எடுத்தது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் இன்று மக்கள் நடக்கிற பாதைகள் அதன்பின் வந்தவைதான். எனவே பாதையில் நீர்நிலை ஓரம் வந்தால் நில மாற்றம் என்ற சொல்லையே எழுதாதீர்கள். பராமரிப்பு அனுமதி என்று எழுதுங்கள். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பல மாதம் நகராத கோப்பு நகர்ந்தது.

நகராட்சித் தீர்மானத்தின் வாசகத்தை வரைவிலேயே வாங்கிப் படியுங்கள். எங்கள் வரைவில் "சாலை மேம்பாட்டுக்காக" என்று இருந்தது. அப்படியே போயிருந்தால் முதல் வேலையாக இரண்டு பக்க வேலியையும் பொக்லைன் வைத்து வழித்திருப்பார்கள். "நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் பராமரிக்க, உயிர்வேலியும் மரங்களும் நீக்கப்படாமல்" என்று சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இதற்காக நகராட்சிப் பொறியாளரோடு நீண்ட நேரம் வாதாட வேண்டியிருந்தது. கான்கிரீட் போட்டால்தான் நிதி வரும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான், ஆனாலும் நான் விடவில்லை. பாதை ஓரத்துப் புளியமரங்களுக்கு ஒரு குடும்பத்திடம் 2சி பட்டா இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அது மரத்தின் பலனுக்கான பட்டா, நிலத்துக்கானது கிடையாது. அவர்களிடம் முன்பே பேசிவிட்டதால் நிலத்தை மாற்றித் தரும் முன் ஒட்டும் ஏ1 அறிவிப்பை ஊரில் ஒட்டி ஆட்சேபணை கேட்டபோது அந்தப் பக்கமிருந்து எதிர்ப்பு வரவில்லை.

பாதையை நகராட்சியிடம் ஒப்படைக்கும் ஆட்சியரின் ஆணை வந்த நாளில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் ஆணை வந்ததோடு எதுவும் முடிந்துவிடவில்லை. அந்த ஆணை தாசில்தார் அலுவலகத்தில் கிராமக் கணக்கில் ஏற வேண்டும், இணையத்தில் அ-பதிவேட்டில் குறிப்பு மாற வேண்டும், நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் எண் விழ வேண்டும். ஒவ்வொன்றும் தனி மேசை. ஒரு மாதம் கழித்து இணையத்தில் பார்த்தால் பழையபடியே இருந்தது. அதோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்குப் பூஜ்ஜிய மதிப்பு வைக்கச் சொல்லித் தாசில்தார் மூலம் கடிதம் அனுப்ப வைத்தேன். அப்படி வைத்துவிட்டால் அந்த எண்ணில் யாரும் பத்திரம் பதிய முடியாது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொது வீதியிலிருந்து வெளியேற்றப்பட்ட உள்ளாட்சி அமைப்பு வழக்குப் போட, காலவரம்புச் சட்டத்தில் 30 ஆண்டு கெடு இருக்கிறது. ஒரு போலிப் பத்திரத்தை வைத்து யாராவது பாதையைப் பிடித்துக்கொண்டால் அந்த நாளிலிருந்தே அந்தக் கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

செலவைக் கேட்பவர்களுக்காக: பழைய ஆவண நகல்கள், விண்ணப்பக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்தான். தனியார் சர்வேயரை வைத்து முழுப் பாதையையும் ஒருமுறை வரைய 9,000 ஆனது. அது வீண் கிடையாது, அந்தப் படம்தான் எல்லா மேசையிலும் பேசியது. வக்கீல் நோட்டீஸுக்கு 5,000. அதற்கு ஒரு பலனும் இல்லை, அலுவலகங்கள் அதைப் பார்த்ததும் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தன. பெரிய இழப்பு கூலிதான். எனக்கு விசைத்தறிப் பட்டறை. நான் அலுவலக வாசலில் நின்ற நாளெல்லாம் தறி நின்றது. கணக்குப் போட்டால் 50,000 ரூபாய்க்குக் குறையாது. நடுவில் ஒருவர் ஃபைலை நகர்த்தித் தருகிறேன் என்று 25,000 கேட்டார். கொடுக்கவில்லை. அவர் தான் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏ1 அறிவிப்பு, அதற்கு முந்தைய நாளே ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது.

இப்போது வண்டிப்பாதைப் புறம்போக்குப் பகுதி நகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது. கருவேலத்தை வெட்டிவிட்டார்கள். விளக்குக் கம்பத்துக்கு நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணம் கட்ட வேண்டும், அதைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். யு.டி.ஆர் திருத்தம் விசாரணையில் இருக்கிறது. வாய்க்கால் கரைக்குக் கிடைத்த அனுமதி மூன்று ஆண்டுக்கு மட்டும், முடிவதற்கு முன்பே நகராட்சி புதுப்பிக்கக் கேட்க வேண்டும் என்று கடிதத்திலேயே நிபந்தனை இருக்கிறது. அலுவலர்கள் மாறிப்போவார்கள் என்பதால் அந்தத் தேதியைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் பால் சொசைட்டிச் செயலாளரும் நானும் ஆளுக்கொரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கடிதத்தின் நகலும் மூன்று பேர் வீட்டிலும் இருக்கிறது.